விதை வாங்கிய ஊர், விதை எடுத்த ஊர்

தமிழ்நாட்டில் கொய்யா பயிரிடுகிறவர்களுக்கு ‘லக்னோ 49’ என்ற பெயர் அத்துப்படி. நாற்றுப் பண்ணையில் கொய்யாக் கன்று கேட்டால், முதலில் சொல்லப்படும் இரண்டு மூன்று பெயர்களில் அது நிச்சயம் இருக்கும். பெயரில் லக்னோ இருந்தாலும் அந்த ரகம் பிறந்த ஊர் புனே. லக்னோவிலிருந்து வந்த அலகாபாத் சஃபேதா கொய்யா விதைகளை புனேயின் கணேஷ்கிண்ட் தோட்டத்தில் முளைக்கப் போட்டார்கள். எழுந்த கன்றுகளில் ஒன்றை 1927இல் தேர்ந்தெடுத்தார் டாக்டர் ஜி.எஸ். சீமா. பின்னாளில் அதற்கு ‘சர்தார்’ என்ற பெயரும் வந்தது. இன்று தமிழ்நாட்டுத் தோப்புகளில் நிற்கும் லக்னோ 49 மரங்களெல்லாம் புனேயில் முளைத்த அந்த ஒற்றைக் கன்றின் வழிவந்தவை.

விதையிலிருந்து எழும் கொய்யா தாய் மரத்தை அப்படியே ஒத்திருக்கும் என்ற உறுதி கிடையாது. நூறு விதை போட்டால் நூறும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். பெரும்பாலானவை சுமாராகவே இருக்கும். எப்போதாவது ஒன்று ஆளை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லும். என்ன வரப்போகிறது என்று தெரியாமல் மண்ணைக் கிளறி விதையைப் போட்டுவிட்டு, காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பதில் உள்ள ஆவல் ஆராய்ச்சியாளருக்கும் கொல்லையில் நாலு பாத்தி போட்ட குடும்பத் தலைவிக்கும் பொதுவானது. புனேயில் அந்த ஆவல் இருநூறு ஆண்டுகளாக ஒரு வணிகத்தையும், ஒரு சங்கத்தையும், பல தோட்டங்களையும் வளர்த்திருக்கிறது.

முதலில் ஊரின் தட்பவெப்பத்தைச் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது புனே. மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும் பருவமழை இங்கே வரும்போது அடங்கிவிடும். ஆண்டுக்கு எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான். ஜூனில் தொடங்கி செப்டம்பர் இறுதியில் மழை விடைபெறும். அதன் பிறகு நான்கைந்து மாதம் பளிச்சென்ற பகல், குளிர்ந்த இரவு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும். வெண்டை, பீர்க்கு, பாகல், புடல் எல்லாம் மழைக்காலத்தில் விளையும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பட்டாணி, பீட்ரூட் எல்லாம் குளிர்காலத்தில் விளையும். நம் பக்கத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்த் தேட வேண்டியதை புனேக்காரர் வீட்டுப் பின்கட்டிலேயே வளர்த்துவிடலாம்.

அந்தப் பின்கட்டுத் தோட்டத்துக்கு மராத்தியில் ‘பரஸ்பாக்’ என்று பெயர். கிணற்றடித் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடும் வழியில் சேம்பு. வேலியில் அவரை. கூரையில் பூசணி. ஒரு மூலையில் கறிவேப்பிலை. முன்னே துளசி மாடம். இவற்றுக்கான விதையை யாரும் கடையில் வாங்கவில்லை. நன்றாகக் காய்த்த கொடியில் ஒரு காயை முற்றவிட்டு, காய்ந்ததும் விதையைப் பிரித்து, சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் போட்டு வைப்பது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், வண்டையும் அண்டவிடாது. நம் வீடுகளில் வேப்பிலையோடு உறியில் தொங்கிய விதைக் குடுவைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மராத்திய அரசை நடத்திய பேஷ்வாக்கள் காலத்தில் ஊர் பெருகியபோது தோட்டங்களும் பெருகின. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகேப் பேஷ்வா காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தார். பேட்டைகளில் தண்ணீர்த் தொட்டிகள் எழுந்தன. தண்ணீர் வந்த இடத்தில் தோட்டம் வந்தது. ஹீராபாக், சாரஸ்பாக், துளசிபாக், பேல்பாக் என்று இன்றும் ஊர்ப் பெயர்களில் அந்தத் தோட்டங்கள் நிற்கின்றன. அவற்றுக்குள் இப்போது கோயிலும் கடைத்தெருவும்தான் அதிகம்.

தோட்டங்களைக் காத்தவர்கள் மாளி சமூகத்தினர். பூவும் காய்கறியும் பயிரிடுவது அவர்கள் குலத்தொழில். அப்படியொரு குடும்பம் பேஷ்வா அரண்மனைக்குப் பூ கட்டிக் கொடுத்து, மானியமாக நிலமும் பெற்றது. பூவோடு சேர்த்தே ஊர் அவர்களை அழைத்ததால் ‘ஃபுலே’ என்பது குடும்பப் பெயராயிற்று. 1827இல் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோதிராவ் ஃபுலே. அவருடைய தந்தை கோவிந்தராவ் காய்கறிக் கடையும் நிலமும் வைத்திருந்தார். படிப்பை இடையில் நிறுத்திவிட்டுச் சிறுவன் ஜோதி தந்தையின் நிலத்தில் வேலை பார்த்த காலமும் உண்டு. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் பள்ளி திறந்த ஃபுலேயை இந்தியா அறியும். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை அது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

விதை முளைப்பதைப் பார்க்கும் ஆசைக்கு மகாராஷ்டிரத்தில் வழிபாட்டிலேயே இடம் உண்டு. நவராத்திரியின் முதல் நாள் ‘கடஸ்தாபனா’. இலைத் தட்டிலோ மூங்கில் கூடையிலோ வயல் மண்ணைப் பரப்பி, கோதுமை, சோளம், கம்பு எனத் தானியங்களைத் தூவி, நடுவில் தண்ணீர் நிறைந்த மண்குடத்தை வைப்பார்கள். மண்குடத்தின் மேனியிலிருந்து கசியும் ஈரம் சுற்றியுள்ள மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். மேலே தினமும் ஒரு பூமாலை தொங்கும். பக்கத்தில் ஒன்பது நாளும் விளக்கு எரியும். மூன்றாம் நாள் வெள்ளை முனைகள் எட்டிப் பார்க்கும். தசராவுக்குள் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். அந்த முளைகளைக் கிள்ளித் தெய்வத்துக்கு வைத்துவிட்டு, ஆண்கள் தொப்பியில் செருகிக்கொள்வார்கள். நம் ஊர் முளைப்பாரியின் உடன்பிறப்பு இது. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு நவதானியம் முளைக்க வைக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு புனே வீட்டின் அந்தக் கூடையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் பக்தியோடு சேர்ந்து ஒரு பயனும் இருக்கிறது. அடுத்த விதைப்புக்கு வைத்திருக்கும் தானியம் உயிரோடு இருக்கிறதா என்பது ஒன்பது நாளில் தெரிந்துவிடும்.

1817இல் கிர்க்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றது. புனே ஆங்கிலேயரின் பெரிய படைத்தளமாயிற்று. பம்பாயின் மழையைத் தாங்காத ஆளுநர்கள் மழைக்காலத்தில் புனேக்கு வந்து தங்கினார்கள். ஆளுநர் சர் ஜான் மால்கம் காலத்தில், ஊருக்கு வடமேற்கே தாபூரியில் இருந்த ஒரு பங்களாவை அரசு வாங்கியது. அதை ஒட்டி 1828இல் ஒரு தாவரத் தோட்டம் தொடங்கப்பட்டது. இன்றைய தாபோடிதான் அந்த இடம்.

தாபூரித் தோட்டத்தை நெடுங்காலம் நடத்தியவர் ஸ்காட்லாந்து மருத்துவரான அலெக்சாண்டர் கிப்சன். 1838இல் பொறுப்பேற்ற அவர், மருந்துச் செடி, மரக்கன்று, காய்கறி எனப் பயன் தரும் எதையும் விடாமல் வளர்த்துப் பார்த்தார். பின்னர் பம்பாய் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகவும் ஆனார். தோட்டத்தில் பூத்த செடிகளை 1847 முதல் 1850 வரை ஓர் இந்திய ஓவியரைக் கொண்டு வரைய வைத்தார். 171 ஓவியங்கள் இன்று எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தில் இருக்கின்றன. செடியின் பெயரை எழுதிவைத்த அலுவலகம் ஓவியரின் பெயரை எழுதிவைக்கவில்லை. தோட்டத்தில் விதை போட்டு நீர் ஊற்றிய மாளிகளின் பெயர்களும் அப்படியே மறைந்துபோயின.

தாபூரி தொடங்கிய இரண்டே ஆண்டில், 1830இல், மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் பிறந்தது. அது தோட்டக்கலைச் சங்கங்களின் காலம். கல்கத்தாவில் வில்லியம் கேரி 1820இல் ஒரு சங்கம் கண்டிருந்தார். சென்னையில் 1835இல் ஒன்று வந்தது. கதீட்ரல் சாலையில் அதன் நிலத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். புனே சங்கத்தின் கையில் இருப்பது எம்ப்ரஸ் கார்டன். முதலில் படைவீரர் தோட்டம் என்றே அதற்குப் பெயர். விக்டோரியா இந்தியாவின் பேரரசியாகப் பட்டம் சூடியதை ஒட்டிப் பெயர் மாறியது. கொய்யாவும் மாவும் மல்லிகையும் வளர்ந்த அந்தத் தோட்டத்தில் இன்றும் ஜனவரி இறுதியில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. குடியரசு நாளை ஒட்டி வீட்டுத் தோட்டக்காரர்கள் தங்கள் தொட்டிச் செடிகளைத் தூக்கிக்கொண்டு போட்டிக்கு வருகிறார்கள்.

ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தங்கள் ஊர்க் காய்கறியும் பூவும் வேண்டியிருந்தன. அதற்கு விதை வேண்டும். விதையோ இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி, வெப்பமும் ஈரமும் நிறைந்த கப்பல் அறைகளில் மாதக்கணக்காகப் பயணம் செய்து வந்தது. விதைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே ஆகும் என்றும் ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிற்காலத்தில் கணக்கிட்டுச் சொன்னார். கப்பலில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆசையோடு பிரித்த பொட்டலத்தில் பாதிக்குமேல் செத்த விதை.

முளைத்த விதைக்கும் இந்த மண் புதிது. காலிஃபிளவரின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1822இல் ஜெம்சன் என்பவர் அதன் விதையை லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சகாரன்பூர் கம்பெனித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். குளிர் நாட்டுச் செடி நம் வெயிலில் முரண்டு பிடித்தது. ஆனால் அங்கங்கே ஒரு சில செடிகள் வெப்பத்தைத் தாங்கிப் பூக்கட்டின. அவற்றிலிருந்தே உள்ளூர் விவசாயிகள் விதை எடுத்தார்கள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதையே செய்தார்கள். சில பத்தாண்டுகளில் இந்தியாவுக்கென்றே தனிக் காலிஃபிளவர் உருவாகிவிட்டது. மழைக்காலம் முடிந்தவுடனே சந்தைக்கு வருகிற அந்த முன்பருவக் காலிஃபிளவர் ஐரோப்பாவில் கிடையாது. வெளிநாட்டு விதையை வாங்கியது அரசுத் தோட்டம். அதை நம் நாட்டுப் பயிராக்கியவர்கள் பெயர் தெரியாத விவசாயிகள்.

1860களில் தாபூரியைக் கைவிட்டு அரசுத் தோட்டம் கணேஷ்கிண்டுக்கு மாறியது. ஆளுநருக்கும் அங்கேயே புதிய மாளிகை எழுந்தது. தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ஜி. மார்ஷல் வுட்ரோ, இந்தியாவில் தோட்டம் போடுவது எப்படி என்று எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டது. 1879இல் புனே அறிவியல் கல்லூரியில் வேளாண்மை வகுப்பு தொடங்கியது. 1907இல் அது தனி வேளாண் கல்லூரியாயிற்று. கொய்யா விதை போட்ட சீமாவும் இந்த வழியில் வந்தவர்தான்.

இதே கால இடைவெளியில் நான்கு காரியங்கள் நடந்தன. 1863இல் போர்காட் மலைப் பாதை முடிந்து பம்பாய்க்கும் புனேக்கும் தடையில்லா ரயில் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது; மாதக்கணக்கில் வந்த கப்பல் வாரக்கணக்கில் வந்தது. அதே ஆண்டு கடக்வாஸ்லா அணை வேலை தொடங்கி, முடிந்ததும் புனேக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் கால்வாய்த் தண்ணீர் கிடைத்தது. 1877இல் இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது; பொட்டலம் வீட்டுக்கு வந்த பிறகு தபால்காரரிடம் பணம் கட்டினால் போதும். விதை வணிகம் ஒன்று எழுவதற்குத் தேவையான எல்லாம் கூடிவிட்டன.

1884இல் அந்த வணிகம் வந்தது. பெஸ்தோன்ஜி போச்சா என்ற பார்சி கனவான் புனேயில் விதைக் கடை தொடங்கினார். ‘பெஸ்தோன்ஜி பி. போச்சா அண்ட் சன்ஸ்’ என்ற பெயர் நாளடைவில் பத்திரிகை விளம்பரங்கள் வழியாக நாடெங்கும் பரவியது. பங்களாவாசி, மலைத்தோட்ட மேலாளர், ரயில்வே அதிகாரி, பள்ளி ஆசிரியர் எனப் பலருக்கும் புனே என்றால் போச்சா விதை என்றாயிற்று. நூற்று நாற்பது ஆண்டுகளைக் கடந்து அந்த நிறுவனம் இன்றும் புனேயில் விதை விற்கிறது.

விதைப் பட்டியல் புத்தகம் வந்து சேர்ந்தால் வீட்டில் அது ஒரு நாளின் பொழுது. மாலை நாற்காலியில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டி, பென்சிலால் குறியிட்டு, இடமும் பணமும் போதாதென்று பாதியை அடித்து, மறுபடி நான்கைச் சேர்த்து எழுதும் கடிதம். இதில் கிடைக்கும் இன்பம் தோட்டக்காரருக்கே தெரியும். பட்டியலில் இருந்த பூக்களின் பூர்விகத்தைப் பார்த்தால் உலகமே கூடியிருக்கும். ஜின்னியா, காஸ்மாஸ், டாலியா மூன்றும் மெக்சிகோ. பெட்டுனியா தென்னமெரிக்கா. ஃப்ளாக்ஸ் டெக்சாஸ். ஸ்வீட் பீ சிசிலி. மெக்சிகோவின் செண்டுமல்லியோ பட்டியலுக்கும் முன்பே வந்து, மராத்தியில் ‘ஜெண்டு’ ஆகி, தசராவன்று வாசலில் தொங்கும் தோரணமாகவே மாறிவிட்டது. தசராவுக்கு முந்தைய நாள் புனேச் சந்தையில் மலைமலையாகக் குவிந்திருக்கும் செண்டுமல்லியைப் பார்ப்பவர், இது வெளிநாட்டுப் பூ என்று சொன்னால் நம்பமாட்டார்.

வாங்கிய விதையைப் போடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டுனியா விதை ஒரு கிராமில் ஏறத்தாழ பத்தாயிரம் இருக்கும். உள்ளங்கையில் கொட்டினால் பழுப்புத் தூசி. மூச்சு விட்டால் பறந்துவிடும். புனே மாளிகள் பிள்ளையார் சதுர்த்தி கழிந்து மழை தணியும் நாட்களுக்காகக் காத்திருப்பார்கள். அகலமான மண் சட்டியில் சலித்த மண்ணையும் மட்கிய இலை எருவையும் நிரப்பி, உள்ளங்கையால் தட்டிச் சமமாக்குவார்கள். விதையை நுண்மணலோடு கலந்து, உப்புத் தூவுவதுபோல் மேலே தூவுவார்கள். மேலே மண் போடக் கூடாது. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதனால் சட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாதி அமிழ்த்தி வைத்து, அடித்துளை வழியே ஈரம் ஏறி மேல் மண் கறுத்ததும் எடுத்துவிடுவார்கள். மேலே ஒரு கண்ணாடித் துண்டு. பத்து நாளுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். தசரா கழிந்து நாற்றைப் பிடுங்கி நட்டால், ஜனவரிக் கண்காட்சிக்குத் தொட்டி பூத்து வழியும்.

பங்களாத் தோட்டங்களுக்கு வெளியே ஊர் வேறு மாதிரி விதைத்தது, வேறு மாதிரி விற்றது. பேஷ்வா அரண்மனையான சனிவார்வாடா முன்னே திறந்தவெளியில் கூடிய காய்கறிச் சந்தைக்குப் பதிலாக, எண்கோண வடிவில் கோபுரத்தோடு பெரிய சந்தைக் கட்டடம் ஒன்றை நகராட்சி எழுப்பியது. 1886இல் ஆளுநர் ரே பிரபுவின் பெயரில் அது திறக்கப்பட்டது. அந்தச் செலவை நகராட்சி உறுப்பினராக இருந்தபோதே எதிர்த்தவர் ஜோதிராவ் ஃபுலே. அந்தப் பணம் ஏழைகளின் கல்விக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. காய்கறி விற்ற குடும்பத்து மகன் சொன்னதை நகராட்சி கேட்கவில்லை. விடுதலைக்கு முன்பே, எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரே நகராட்சியில் எடுத்த முயற்சியால் அந்தச் சந்தைக்கே ஃபுலேயின் பெயர் வைக்கப்பட்டது. இன்று அது ‘மகாத்மா ஃபுலே மண்டை’; மராத்தியில் மண்டை என்றால் சந்தை.

ஃபுலே 1880களின் தொடக்கத்தில் எழுதிய ‘ஷேத்கர்யாச்சா ஆசூட்’, உழவனின் சாட்டை, விவசாயியின் கடனையும் அறியாமையையும் அதிகார வர்க்கத்தின் சுரண்டலையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசிய நூல். ஆளுநர் மாளிகையைச் சுற்றி அயல்நாட்டுப் பூ மலர்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், மூன்று நான்கு மைல் தள்ளி அது எழுதப்பட்டது. புனேயின் தோட்ட வரலாற்றைச் சொல்லும்போது இந்த இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்றைச் சொன்னால் அது முழு வரலாறு ஆகாது.

20ஆம் நூற்றாண்டில் வீட்டுத் தோட்டம் இரண்டு முறை தேசியக் கடமையாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அரசு ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கத்தைத் தொடங்கியது. புல்தரைகளில் காய்கறிப் பாத்தி வந்தது. 1965இல் உணவுப் பஞ்சம் நெருங்கியபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி டெல்லியில் தம் அரசு இல்லத்துப் புல்தரையையே உழுது விதைத்துக் காட்டினார். அதே பத்தாண்டில் இந்திய விதைத் தொழிலும் தலைகீழாக மாறியது. 1963இல் தேசிய விதைக் கழகம். 1964இல் ஜால்னாவில் பத்ரிநாராயண் பர்வாலே தொடங்கிய மஹிகோ. அவருடைய விதைப் பயணம் ‘பூசா சவானி’ என்ற வெண்டை விதையோடு தொடங்கியது. 1965இல் பெங்களூரில் மன்மோகன் அத்தாவர் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ். 1966இல் விதைச் சட்டம். இங்கிலாந்து விதைக்காகக் கப்பலைப் பார்த்துக் காத்திருந்த நாடு, கையால் மகரந்தம் சேர்த்த பெட்டுனியாவைத் தானே வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தது.

வீரிய ஒட்டு விதையால் விளைச்சல் கூடியது. ஒரே சீரான காய், நோய் தாங்கும் செடி எல்லாம் கிடைத்தன. ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒட்டுச் செடியின் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று சீக்கிரம் காய்க்கும், ஒன்று காய்க்கவே காய்க்காது. ஒவ்வொரு பருவத்துக்கும் பொட்டலம் வாங்கியாக வேண்டும். சாம்பலில் புரட்டிய விதைக் கலயம் அடுக்களையிலிருந்து மெல்ல மறைந்தது. கலயத்தோடு நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்களும் போயின.

மறைந்ததைத் தேடிச் சேர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ராஹிபாய் போபேரே. புனேக்கு வடக்கே, அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) மாவட்டம் அகோலே வட்டத்தில் உள்ள கோம்பால்னே என்ற மலைக் கிராமத்தைச் சேர்ந்த பழங்குடிப் பெண்மணி. பள்ளிக்குப் போனதில்லை. வீட்டில் பேரன் அடிக்கடி நோய்ப்பட்டபோது, மருந்தடித்த காய்கறியே காரணம் என்று எண்ணி, தன் தாய் தலைமுறை வைத்திருந்த விதைகளைத் தேடத் தொடங்கினார். அவரை ரகங்கள் அவருடைய தனிச் செல்வம். நெல், கீரை, பீர்க்கு, சுரை என்று சேகரிப்பு வளர்ந்தது. மணிபாய் தேசாய் 1967இல் உருளிகாஞ்சனில் தொடங்கி, இன்று புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட பைஃப் என்ற தொண்டு நிறுவனம் ராஹிபாய்க்குத் துணை நின்றது. அவருடைய வீட்டை ஒட்டியே சமுதாய விதை வங்கி எழுந்தது. ‘விதைத் தாய்’ என்று மகாராஷ்டிரம் அவரைக் கொண்டாடுகிறது. 2018இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியல். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ. விதை வாங்கிப் போகிறவர் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் இத்தகைய விதை வங்கிகளின் பொதுவான வழக்கம். அதில் பணத்துக்கு வேலை இல்லை.

சட்டமும் இந்த மரபுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 2001இல் இயற்றப்பட்ட பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தான் விளைவித்த விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், அண்டை அயலாரோடு பகிரவும், வணிக முத்திரை இல்லாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது.

இன்றைய புனேயில் பங்களாக்கள் குறைந்து அடுக்குமாடிகள் நிறைந்துவிட்டன. பரஸ்பாக் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. கோலாப்பூரைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் ஸ்ரீபாத் தாபோல்கர் ‘பிரயோக் பரிவார்’ வழியாகச் சொல்லிக்கொடுத்த முறை இதற்குக் கைகொடுத்தது. உதிர்ந்த இலை, கரும்புச் சக்கை, அடுக்களைக் கழிவு இவற்றை மட்கவைத்தால் மண் சுமக்காமலே மாடியில் காய்கறி வளர்க்கலாம் என்பது அவருடைய அனுபவப் பாடம். தென்னிந்தியர் நிறைந்த ராஸ்தா பேட்டையில் முருங்கையும் கறிவேப்பிலையும் தொட்டியில் நிற்பது இயல்பான காட்சி.

ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. புனே மாவட்டம் ராஜகுருநகரில் மத்திய அரசின் வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி இயக்குநரகம் இருக்கிறது. ‘பீமா சூப்பர்’, ‘பீமா சக்தி’, ‘பீமா ஸ்வேதா’ என்று அங்கே ஓடும் ஆற்றின் பெயரில் ரகங்களை வெளியிடுகிறது. ராகுரியில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் மகாத்மா ஃபுலேயின் பெயரில் இயங்குகிறது. அது வெளியிடும் ரகங்களின் பெயரும் ‘ஃபுலே’ என்றே தொடங்குகிறது; ‘ஃபுலே சமர்த்’ வெங்காயம் அதில் ஒன்று. கணேஷ்கிண்டில் ஆளுநர் குடியிருந்த மாளிகை இப்போது பல்கலைக்கழகம். 2014 முதல் அது ஜோதிராவின் மனைவி சாவித்ரிபாய் ஃபுலேயின் பெயரைத் தாங்குகிறது. பேஷ்வாவுக்குப் பூ கட்டிய மாளி வீட்டின் பெயர் சந்தையிலும், ஆளுநர் மாளிகையிலும், விதைப் பையின் மேலும் இடம் பிடித்துவிட்டது.

இந்த வரலாறு நம் மாடித் தோட்டக்காரர்களுக்குக் கற்றுத்தருவது இதுதான்: வாங்குவதும் வேண்டும், எடுத்து வைப்பதும் வேண்டும். வாங்காமல் இருந்திருந்தால் காலிஃபிளவர் வந்திருக்காது, செண்டுமல்லித் தோரணம் இல்லை, லக்னோ 49 இல்லை. எடுத்து வைக்காமல் விட்டதால் எத்தனையோ அவரையும் சுரையும் இழந்தோம்.

ஆகவே அடுத்த முறை விதை வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பரிசோதித்த தேதியும் காலாவதித் தேதியும் முளைப்புத்திறனும் அச்சிட்டிருக்க வேண்டும். சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கு 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம். தக்காளி விதை உலர்ந்த இடத்தில் நான்கைந்து ஆண்டு தாங்கும். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டினால் சந்தேகம்தான். ஒட்டு ரகத்தோடு நாட்டு ரகம் ஒன்றையாவது சேர்த்து வாங்குங்கள். ஆடிப் பட்டத்தில் போடும் அவரையிலும் வெண்டையிலும் நன்றாகக் காய்க்கும் ஒரு செடியைப் பார்த்துத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அந்தச் செடியில் நாலு காயைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். காய்ந்ததும் விதையைப் பிரித்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, பெயரும் ஆண்டும் எழுதிய காகிதத்தோடு மூடியுள்ள பாட்டிலில் வையுங்கள். பாதியை உங்களுக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.